சீன ஊசியும் என் தொப்பியும்

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், என் காக்காவின் இரண்டு கைகளையும் உடுக்கும் சாரனால் கட்டில் சட்டத்தோடு கட்டிப் போட்டேன். கூடப்பிறந்த மூத்தவர் என்ற மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. கிட்னி இரண்டும் பழுதாகி, கண்டிக்குப் போய் மெசினில் இரத்தம் சுத்தம் செய்து வருவார். வந்ததும் அரிப்பு தொடங்கும். சீப்பு, கரண்டி என்று கையில் அகப்பட்டதைக் கொண்டெல்லாம் தோலைப் பிய்ப்பார். விரிப்பு முழுக்க இரத்தம். கட்டை அவிழ்க்கச் சொல்லி என் முகத்தில் துப்பினார். அறைந்தேன். அறைந்துவிட்டு அழுதேன்.

அந்த அரிப்பை அடக்கியவர் பக்கத்துத் தமிழ் ஊர்க்காரர். கொழும்பில் சீன ஊசி வைத்தியம் படித்தவர், சைக்கிளில் வருவார். முழங்கை மடிப்பில் மெல்லிய ஊசியை ஏற்றி விரலால் உருட்டுவார். "தம்பி, இது கிட்னியைத் திருத்தாது. தோல் கடியைத்தான் குறைக்கும். மெசினை விட்டிராதீங்க" என்பார். அவர் வந்துபோன நாட்களில் காக்கா சோறு தின்றார், என்னை ஏசாமல் கதைத்தார்.

பிறகு அவர்களுடைய தமிழ் ஊரும் எங்கள் முஸ்லிம் ஊரும் வெட்டிக்கொண்டன. அவர்கள் எங்கள் கடைகளை எரித்தார்கள், நாங்கள் அவர்கள் வீடுகளை எரித்தோம். நான் தீக்குச்சி கிழிக்கவில்லைதான். ஆனாலும் "நாங்கள்" என்றுதான் எழுதுவேன். வைத்தியரின் வரவு நின்றது. மூன்றாவது வாரம் காக்கா, "இனி மெசினுக்குப் போக மாட்டன். இந்தக் கடியோட இரிக்கிறத விட மவுத்தாப் போறன்" என்றார். மெசினை விட்டால் அவர் அதிக நாள் தாங்கமாட்டார் என்று எங்களுக்குத் தெரியும்.

இரண்டு ஊருக்கும் போய்வரும் ஒரு மீன் வியாபாரியிடம் என் தொழுகைத் தொப்பியைக் கொடுத்து வைத்தியருக்கு அனுப்பினேன். "இதப் போட்டு வாங்க ஐயா, ஒருத்தரும் மறிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். பெரிய கெட்டித்தனம் என்ற நினைப்பு எனக்கு.

வைத்தியர் பட்டப்பகலில் அதைப் போட்டுக்கொண்டு வந்தார். சந்தியில் எங்கள் பொடியன்மார் மறித்து, முஸ்லிம் என்றால் எவருக்கும் தெரிந்த கலிமாவைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு நாக்கு எழவில்லை. பையைத் திறந்தால் ஊசி. "எங்கட தொப்பியப் போட்டு நஞ்சூசி குத்த வந்திரிக்கான்!" அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். அதற்குள் அவருடைய வலது கையைக் கல்லில் வைத்து இரும்புக் கம்பியால் அடித்துவிட்டார்கள். "என்ட காக்காக்கு மருந்து செய்யிறவர்டா!" என்று கத்திக்கொண்டு அவர் மேல் விழுந்தேன். என் முதுகிலும் இரண்டு விழுந்தது. வெறும் தலையோடு வந்திருந்தால் நாலு தூஷண வார்த்தையோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவர்களை வெறியாக்கியது என் தொப்பி.

அவர்கள் விலகியதும் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன. "ஆஸ்பத்திரிக்குப் போவம் ஐயா" என்றேன். அவர் கட்டிலைப் பார்த்தார். காக்கா கட்டோடு முறுகிக்கொண்டு கிடந்தார்.

"முதல்ல ஊசியக் கொதிக்க வையுங்க தம்பி. நான் சொல்லுறன், நீங்க ஏத்துங்க."

காக்காவின் ஒரு கையை மட்டும் அவிழ்த்து முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பின் வெளி நுனியை இடது கையால் தொட்டுக் காட்டினார். இரண்டு தடவை தவறியது. மூன்றாம் தடவை சரியாக ஏறியது. கொஞ்ச நேரத்தில் காக்கா பல்லைக் கடிப்பது நின்றது. "நாளைக்குக் கண்டிக்குப் போவம்" என்று முனகிவிட்டு நித்திரையானார்.

வலியை அடக்கவும் ஊசி உண்டு என்று வைத்தியர் முன்பே சொல்லியிருக்கிறார். உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு என் முன்னால்தான் இருந்தார். பெட்டியில் ஊசியும் மிச்சம் இருந்தது. காக்கா நித்திரையான சந்தோஷத்தில் அவருக்கும் ஒன்று ஏற்றலாம் என்பது எனக்கு நினைவிலேயே வரவில்லை.