வண்டிக்கும் ஒரு தண்டனை

பிள்ளைகளே, நேற்று 'பறிமுதல்' என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினீர்கள். எனக்கு அதன் பொருளைக் காட்டியது ஹட்டன் கோர்ட்டு. எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் நீங்கள் யாரும் அப்போது பிறக்கவில்லை.

என்னிடம் ஒற்றை மாட்டு வண்டி ஒன்று இருந்தது. எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் போட்ட கோவா, கரட் என்று காய்கறிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டன் சந்தைக்கு ஏற்றிப்போவேன். தேயிலைத் தோட்டத்துச் சம்பளம் அரிசிக்கே சரியாகிவிடும். மற்றதெல்லாம் அந்த வண்டியால் வந்ததுதான்.

மாரியம்மன் திருவிழாவுக்குப் பந்தல்கால் வெட்டுவது மலைக்கு மேலே உள்ள காட்டில். வருடா வருடம் நடப்பது. தோட்டத்துக் காடு என்றே நினைத்திருந்தோம். அந்த வருடம் கால்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வன இலாகாக்காரர்கள் மறித்தார்கள். அரசாங்கக் காடாம். வழக்கு நாளில் வண்டியையும் மாட்டையும் கொண்டுவரச் சொல்லிப் பிணையில் விட்டார்கள்.

"வக்கீலெல்லாம் எதுக்கு தம்பி?" என்றார் கோயில் தலைவர். "ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிரும். கோயில் பணத்துல கட்டிருவோம். சாமி காரியந்தானே."

வழக்கு நாளன்று வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போனேன். மாட்டுக்குப் புல்லும் ஒரு கட்டு எடுத்துப்போனேன். குற்றத்தை ஒத்துக்கொண்டேன். அபராதம் விதித்தார்கள், தலைவர் கட்டினார். கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

"நில்லு," என்றார் மொழிபெயர்க்கும் முதலியார். "வண்டியும் மாடும் அரசாங்கத்துக்குச் சேரும்."

"அபராதந்தான் கட்டியாச்சுங்களே ஐயா?"

"அது உனக்கு. இது வண்டிக்கு. குற்றத்தை ஒத்துக்கொண்டாய் அல்லவா? அப்போதே அது உன் வண்டி இல்லை."

பக்கத்தில் தலைவர் அபராத ரசீதை மடித்துப் பையில் வைத்தார். வெளியே மரத்தடியில் மாடு என்னைக் கண்டு தலையை ஆட்டியது. புல்லை எடுக்கப் போனேன்.

"தொடாதீங்க," என்றார் காவலுக்கு நின்ற பொலிஸ்காரர். "அது இனி கவர்மெண்டு மாடு."

"புல்லு என்னோடதுங்க."

"வண்டியில இருக்கே," என்று சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தானே ஒரு பிடி எடுத்து அதன் முன்னால் போட்டார்.

காசு கொடுத்து மீட்கலாம், கெஞ்சிக் கேட்கலாம் என்றே வீட்டுக்குத் திரும்பும் வழியில் டிக்கோயா வரைக்கும் எண்ணிக்கொண்டு நடந்தேன். எதை மீட்பது? அது என்னுடையதே இல்லை என்று ஆகிவிட்டதே. அந்தச் சொல்லின் பொருள் அவ்வளவுதான், பிள்ளைகளே.

லயத்தில் யாரும் இல்லை. உங்கள் அம்மா மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். மாட்டுக்கென்று காலையில் அவள் நிரப்பி வைத்த கழுநீர் தொட்டியில் அப்படியே இருந்தது. அதைத் தூக்கிப்போய் சவ்சவ் கொடியின் அடியில் ஊற்றினேன்.