வெறுங்காலோடு வந்த சாமி

நைனா மார்ச்சில் இறந்தார். மாரடைப்பு. வயது ஐம்பத்தேழு. எர்ணாவூரில் இரும்புச் சட்டங்கள் செய்யும் ஒரு யார்டில் கிரேனுக்குக் கை காட்டுவது அவர் வேலை. இருபத்தாறு வருடம். அவர் பெயர் லோகநாதன்.

நான் ஒரு பெயிண்ட் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் போடாதவர், கண்ணாடி மாட்டாதவர் பெயரை எழுதி மேலே அனுப்புவேன். நைனா ஒருவர் பெயரையும் எழுதிக் கொடுத்ததில்லை. யாரிடமாவது குறை கண்டால் டீக்குக் கூப்பிடுவார். பாதி டீ இறங்கிய பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொல்வார். அநேகமாக அதுவே போதும்.

உச்சிமாகாளியிடம் அது போதவில்லை.

உச்சிமாகாளி தூத்துக்குடிப் பக்கத்து ஆள். அதே யார்டில் கேஸ் கட்டிங். போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். விரதம் முடியும்வரை காலில் எதுவும் போடக் கூடாது என்பது அவர் கணக்கு. கேட்டில் ஷூவோடு நுழைவார். உள்ளே போனதும் சிலிண்டர்களுக்குப் பின்னால் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு கட்டிங்குக்கு உட்காருவார். உருகிய இரும்பு துளித்துளியாகக் கீழே சிதறும் வேலை அது.

நைனா அவரை டீக்கு அழைத்துப் போயிருக்கிறார்.

“இன்னா சாமி, ஷூ எங்க?”

“விரதம்லா சாமி.”

“நான் கோயிலுக்கே போவாதவன். என்னப் போய் சாமின்றியே.”

“மாலை போட்டா எல்லாரும் சாமிதான்.”

“அப்ப இந்தச் சாமி சொல்லுது. ஷூவ போடு.”

உச்சிமாகாளி சிரித்தாராம். ஷூ போடவில்லை. இரண்டு நாளில் வலது பாதத்தின் மேல் ஒரு துளி விழுந்து தோல் கருகியது. மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் வெறுங்காலோடு வந்தார்.

அன்று சாப்பிடும்போது நைனா இதை வீட்டில் சொன்னார்.

“எழுதிக் குடு நைனா” என்றேன்.

“எழுதினா கேட் பாஸ புடுங்கிடுவானுங்க. காண்ட்ராக்ட் ஆளு. ரெண்டு கொயந்த கீது.”

“காலு போனா?”

“அதான் எழிலு, பேஜாரா கீது.”

“உனக்கு அவர்கிட்ட கறாரா சொல்லத் தைரியம் இல்ல. ஒத்துக்கோ.”

நைனா பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மிச்சத்தை எனக்குச் சொன்னவர் உச்சிமாகாளிதான். நைனாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள், புளியந்தோப்பில் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்தார். புத்தர் படத்துக்குப் பக்கத்தில் நைனா படத்தை வைத்திருந்தோம். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தங்கச்சி, அண்ணாச்சி எங்க குருசாமிகிட்ட போயிருக்காரு. எனக்கு நேத்துதான் தெரியும்.”

குருசாமி என்பது அவர்கள் குழுவை மலைக்கு அழைத்துப் போகும் தங்கப்பாண்டி. திருவொற்றியூரில் அரிசிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் சண்டைக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நைனா கடைக்குப் போய், வாங்க வந்தவர்கள் எல்லாரும் போகும்வரை நின்றிருக்கிறார். பிறகு, வேலை நேரத்தில் ஷூ போட்டால் விரதம் கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறார். கெடாது என்றாராம் குருசாமி. அதை நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள், நான் வந்தது தெரிய வேண்டாம் என்றாராம் நைனா.

“சாயந்தரமே குருசாமி என்னைக் கூப்பிட்டு விட்டாரு. ‘இந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படில மலை ஏறுவே? வேலையில ஷூவப் போடு, நான் சொல்லுதேன்’னாரு. புண்ணப் பாத்துட்டுச் சொல்லுதாருன்னு நினைச்சேன். இப்ப அண்ணாச்சி செத்த சேதி கேட்ட பெறவுதான் வாயத் தொறக்காரு.”

“ஏன் மறைக்கச் சொன்னாராம்?”

“‘என்கூட நல்லா சிரிச்சுப் பேசற ஆளு. நான் மேல போய்ச் சொன்னேன்னு தெரிஞ்சா சிரிக்க மாட்டான்’னாராம்.”

அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். உச்சிமாகாளி டம்ளரை எடுக்கவில்லை.

“அதுக்கு முந்தி ரெண்டு நாளும் சாப்பாட்டு நேரத்துல அண்ணாச்சி பேசவே இல்ல. என்மேலதான் வருத்தம்னு இருந்தேன்.”

“உங்க மேல இல்லண்ணா” என்றேன். டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நைனா வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்றார்.

“அந்தாளு ஷூ போட்டுக்கினு வந்தாம்மா” என்றார்.

நான் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் “சரி” என்றேன். எப்படி என்று கேட்கவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.