தந்தை பெயர் என்ற கட்டம்

மாண்டலே நீதிமன்ற மதிலோரம், புளிய மரத்தடியில் தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்திருப்பவர்களில் ஊ ஏ ஞேனிடம்தான் எப்போதும் கூட்டம். நிலத் தகராறோ, விவாகரத்தோ, அவர் அடித்த தாளில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு விரல் நுழைக்க இடம் இருக்காது. ஓட்டை இல்லாத எழுத்து என்று பெயர் வாங்கியிருந்தார்.

எந்தத் தாளிலும் அவர் முதலில் அடிப்பது பெயர். அடுத்தது தந்தை பெயர். பர்மியர்களான எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பெயருக்கு முன்னால் வரும் ஊ, டோ, மா எல்லாம் வயதுக்கேற்ற மரியாதை மட்டுமே. பிறந்த கிழமை பார்த்து வைக்கும் பெயர் பிள்ளைக்கு மட்டுமே சொந்தம். அதில் அப்பனுக்கு ஓரெழுத்துகூடப் பங்கில்லை. இன்னார் பெற்ற பிள்ளை என்று உலகத்துக்குச் சொல்ல அந்த ஒரு கட்டம்தான் உண்டு.

"முப்பது வருஷமா பிள்ளைங்களை அப்பன்களோட கோத்து விட்டுட்டிருக்கேன். என் விரல் இல்லேன்னா பாதி ஊருக்கு அப்பன் இல்ல" என்பார்.

"பெருமைதான். மீதிப் பாதிக்கு நான் இருக்கேன்ல?" என்பார் பக்கத்துப் பொறிக்காரர் ஊ பா சன்.

ஊ ஏ ஞேன் இந்த மரத்தடிக்கு வந்ததே ஒரு கையெழுத்தால். எண்பத்தெட்டில், ராணுவ ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கியபோது, அவர் கணக்குப் படிக்கும் மாணவர். ஊர்வலத்தில் கொடி பிடித்தார், பக்கத்தில் நடந்தவன் குண்டுபட்டு விழுந்ததைப் பார்த்தார், ஓடினார். கல்லூரியை மறுபடி திறந்தபோது, இனி அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். ஆனால் வகுப்பில் உட்கார முடியவில்லை. பலகையில் வாத்தியார் எண்களைப் போடப் போட, வராமல் போன பையன்களைத்தான் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரே மாதத்தில் நின்றுவிட்டார்.

மகள் ஸபே வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது தளபதிகள் மறுபடி நாட்டைப் பிடித்தார்கள். இரவு எட்டு மணிக்குத் தெருவே எதிர்ப்பாகச் சட்டி பானைகளைத் தட்டியது. ஸபே வீட்டிலிருந்த பெரிய அலுமினியச் சட்டி ஒன்றை நெளித்தே விட்டாள். பிறகு மாணவர் சங்கம், ஊர்வலம், தோழி ஒருத்தியின் சவ ஊர்வலம். ஒருநாள் காலை ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அப்பா, அன்னைக்கு நீங்க போட்ட கையெழுத்துக்குத்தான் இன்னைக்கு நாங்க ஓடறோம்" என்றாள்.

படலைச் சாத்திவிட்டுப் போனவள் பிறகு வீடு திரும்பவில்லை.

அதன்பிறகு மரத்தடிக்குப் புது வகை ஆட்கள் வந்தார்கள், அவளைப் போல ஓடிப்போன பிள்ளைகளைப் பெற்றவர்கள். அரசாங்கப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும்: பெற்றோர் சொல் கேளாத எங்கள் மகனை, மகளை இன்று முதல் உறவிலிருந்து அறுத்துவிட்டோம், அவர் செயல்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல. அப்படிப் போடாதவர்களின் வீட்டைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். பிள்ளை கிடைக்காவிட்டால் தாய் தகப்பனை ஏற்றிப் போனார்கள்.

"முன்னெல்லாம் பிள்ளை காணோம்னு அடிக்க வந்தாங்க. இப்ப பிள்ளை வேணாம்னு அடிக்க வர்றாங்க" என்றார் ஊ பா சன். யாரும் சிரிக்கவில்லை, சொன்னவரும்தான்.

ஒரு புதன்கிழமை வார்டுத் தலைவன் ஊ சான் தூ, ஊ ஏ ஞேனின் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஊருக்கெல்லாம் நீங்கதானே அடிச்சுத் தர்றீங்க, சயா? உங்க வீட்டுக்கு மட்டும் ரிப்பன் தீந்துபோச்சா? ஞாயித்துக்கிழமைக்குள்ள பேப்பர்ல வரணும். இல்லேன்னா அவங்க வருவாங்க. அக்காவைத் தூக்கிட்டுப் போக ரெண்டு பேரு வேணும், பாவம்."

மனைவி டோ மியா சீ சர்க்கரை நோயால் ஒரு காலை முழங்காலோடு இழந்திருந்தாள். அவன் போனபின் படுக்கையிலிருந்தே சொன்னாள்: "நாலு வரி போட்டு விடுங்க. நம்ம பொண்ணுக்குத் தெரியாதா?"

நாலு வரியில் நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. ஓட்டை இருந்தால் அதன் வழியாக வந்துவிடுவார்களே என்ற பயம். வேறு எவருக்கும் அடிக்காத ஒரு வரியைக் கடைசியில் சேர்த்தார்: 'இனி எந்தத் தாளிலும் தந்தை பெயர் என்று என் பெயரைக் குறிப்பிட அவளுக்கு உரிமை இல்லை.'

ஊ பா சன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது எதுக்குய்யா? எடுத்துடு அதை."

"யாரும் சந்தேகப்படக் கூடாது."

"சந்தேகமே வராது. எனக்கே வரல."

சனிக்கிழமை விளம்பரம் வந்தது. வீட்டுக்கு முத்திரை விழவில்லை.

ஏழு மாதம் கழித்து, ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கிராமத்தில் ஸபேயைப் பிடித்தார்கள் என்று தகவல் வந்தது. டோ மியா சீ தரையில் உட்கார்ந்து, காய்ந்த இறாலையும் பூண்டையும் இடித்து, மிளகாயோடு எண்ணெயில் வறுத்து ஒரு பாட்டில் நிறைத்தாள். அதை எடுத்துக்கொண்டு ஊ ஏ ஞேன் சிறை வாசலில் வரிசையில் நின்றார்.

பொட்டலம் வாங்கும் பெண் பதிவேட்டைத் திறந்தாள். "பேரு?"

"மா ஸபே."

"மூணு மா ஸபே இருக்காங்க. அப்பா பேரு?"

"ஊ ஏ ஞேன்."

விரல் மேலிருந்து கீழே இறங்கியது. "இல்லையே. ரெண்டு பேருக்கு வேற அப்பா. ஒருத்திக்கு அந்தக் கட்டத்துல கோடு போட்டிருக்கு."

"அவதாம்மா. அவதான்."

"கோட்டுக்கு யாரு வேணா அப்பான்னு வந்து நிக்கலாம், பெரியவரே." பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நான்தான் எழுதினேன். ரெண்டு தடவை கேட்டேன். 'இனி எந்தத் தாளிலும் தந்தை பெயர் என்று அவர் பெயரைக் குறிப்பிட எனக்கு உரிமை இல்லை'ன்னிச்சு."

அவருடைய வரி. ஒரு சொல் பிசகவில்லை.

"எப்படிச் சொன்னா? கோவமாவா?"

"எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க இங்க." அவள் பதிவேட்டை மூடினாள். "நீங்கதான் அப்பான்னு எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன். அப்ப பேப்பர்ல போட்டது பொய்யின்னு ஆயிடும். வீட்டுல இன்னும் யாரு இருக்காங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கமும் ஓட்டை இல்லை. பின்னால் நின்றவர் முதுகில் லேசாகத் தட்டி, "நகருங்கய்யா" என்றார்.

தங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாளா, இல்லை படித்ததை நம்பிவிட்டாளா? சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மரத்தடி வரை நடந்தார். பாட்டிலைத் தட்டச்சுப் பொறிக்குப் பின்னால் வைத்தார்.

"குடுத்தீங்களா?" என்று அன்றிரவு வீட்டில் கேட்டாள் மனைவி.

"குடுத்தேன்."

பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவள் இடித்தாள், வறுத்தாள். அவர் வரிசையில் நின்றார். அவர் முறை வரும்போது அந்தப் பெண் முடியாது என்று தலையை மட்டும் ஆட்டுவாள். பொறிக்குப் பின்னால் நாலு பாட்டில்கள் சேர்ந்தன.

நாலாவது பாட்டில் கொடுத்தனுப்பிய அன்று மனைவி சொல்லியிருந்தாள்: "இந்தத் தடவை மிளகாயைக் குறைச்சிருக்கேன். அவளுக்கு வயித்துக்கு ஆகுமோ என்னமோ. எப்படி இருந்துச்சுன்னு கேட்டுட்டு வாங்க."

மத்தியானம் ஊ பா சன் சோற்றுத் தூக்கைத் திறந்தபோது, ஊ ஏ ஞேன் அந்தப் பாட்டிலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு வாய் போட்டுப் பாருய்யா."

"இது பாப்பாவுக்கு வறுத்ததுய்யா."

"போட்டுப் பாரு. நான் வீட்டுல போய்ச் சொல்லணும்."

ஊ பா சன் கொஞ்சம் எடுத்துச் சோற்றில் பிசைந்து வாயில் வைத்தார். வெகுநேரம் மென்றார்.

"காரம் பத்தலன்னு சொல்லு" என்றார்.