மூன்றாம் மாடி ஆளுநர்

1. பால்பண்ணைக் கூலியின் மகனாகப் பிறந்தார்.
2. ரயில் பாதையில் வேலை செய்தபடியே சட்டம் படித்தார்.
3. கேட்காமலே தருவார்கள் என்றிருந்து, இரண்டு தேர்தல்களில் தோற்றார்.
4. மூன்றாம் முறை வீடு வீடாகப் போய், "இந்தப் பதவி எனக்கு வேண்டும்" என்றார். ஆளுநரானார்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த ஓர் அமெரிக்க ஆளுநரின் கதை இது. நியூயோர்க்கிலிருந்து வந்த பேருந்தில் வாசித்தேன்.

இப்போது கனடாவின் மொன்ட்ரியால்-நோரில், நான் தங்கியிருக்கும் வதனி அக்காவின் கட்டடத்துச் சலவை அறையில் நிற்கிறேன். குடியிருப்போர் கூட்டம் நடக்கிறது. ஹீற்றர் வேலை செய்யவில்லை. வீட்டுக்காரரோடு பேச ஒரு பிரதிநிதி வேண்டும். போன கூட்டத்தில் யாரோ தன் பெயரைச் சொன்னதும் அக்கா, "ஐயோ, எனக்கு வேண்டாம்" என்றாராம். ஊர் வழக்கப்படி திரும்பவும் வற்புறுத்துவார்கள் என்று காத்திருந்தார். தலைவியான கியூபெக் பெண்மணி அடுத்த பெயருக்குப் போய்விட்டார். தெரிவான மனிதர் வீட்டுக்காரர் பக்கமே போகவில்லை.

"இந்தமுறை வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ அக்கா."

"நானாக் கேட்டா, பதவி ஆசை எண்டெல்லோ சொல்லுவினம்?"

"அந்த ஆளுநரையும் அப்பிடித்தான் சொன்னவை."

"அவற்ற வீட்டில ஹீற்றர் வேலை செய்திருக்குமடி!"

சொல்லிவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட இரண்டு சுவெற்றர்களோடு அக்கா எழும்புகிறார். "இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும். என் மகள் கையுறையோடு பாடம் எழுதுகிறாள்," என்று உடைந்த பிரெஞ்சில் உரக்கச் சொல்கிறார்.

எல்லாக் கைகளும் உயர்கின்றன. பழைய பிரதிநிதியின் கையும்தான். அக்கா உடனே மூன்றாம் மாடியிலுள்ள தன் வீட்டுக்கு ஏறிப்போய் வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுக்கிறார்.

மாலைக்குள் திருத்துபவர் வந்து போய்விட்டார். மூன்றாம் மாடியில் ஹீற்றர் சுடுகிறது.