சவரிராஜ் டிஸ்க்கைப் பிரிக்கிறார்

கோப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. சவரிராஜ் அதில் விரலை நனைத்து மேசைமேல் ஒரு நீளக் கட்டம் வரைந்து, குறுக்கே கோடுகள் போடுகிறார். "இதுதான் டிஸ்க்கு. இது சிஸ்டத்துக்கு. இது பிரிண்டருக்குப் போற ஃபைலுக்கு. இந்தக் கடைசி, வேல செய்ற ஆளுங்களோட டைரக்டரிக்கு. இதுல வேற எதுவும் வந்து விழக்கூடாது, லா." கோடு காய்ந்தால் மறுபடி வரைவார்.

சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் ஓர் அலுவலகத்தின் யூனிக்ஸ் கணினியைப் பார்த்துக்கொள்கிறவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். ஞாயிறு பூசைக்கும் அதோடுதான் போவார். புதிய கணினி வந்தால் பெட்டியைத் திறக்குமுன் மேசை மேசையாகப் போய், யாருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்பார்.

முன்பு அப்படிக் கேட்டவரில்லை. எண்பத்து நாலில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் இருந்தபோது டிஸ்க் முழுவதையும் ஒரே பகுதியாக விட்டுவைத்தார். அங்கே ஒப்பந்தத்தில் புரோகிராம் எழுத வந்த மைமூன், "அண்ணே, எனக்குத் தனியா கொஞ்சம் இடம் பிரிச்சுக் குடுங்களேன்" என்றாள். "எதுக்கு? பிரிச்சா வேஸ்ட்டுதான். எல்லாம் ஒண்ணாக் கெடக்கட்டும், லா" என்றார் இவர்.

மாதக் கடைசியில், அச்சுக்குக் காத்திருந்த பட்டியல்கள் டிஸ்க்கை நிரப்பிவிட்டன. மறுநாள் மானேஜரிடம் காட்ட வேண்டிய புரோகிராமை மைமூன் அப்போதுதான் சேமித்தாள். புதியதை எழுத இடமில்லை. பழையதும் அழிந்து, ஃபைலின் பெயர் மட்டும் மிஞ்சியது. டேப்பில் இருந்த நகல் மிகப் பழையது. நகலெடுப்பதும் சவரிராஜின் வேலைதான்.

மானேஜர் அவளைத் திட்டியபோது இவர் பக்கத்தில்தான் நின்றார். "தப்பு என்னோடதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வாய் வரல" என்கிறார். ஒப்பந்தத்தை அவள் நீட்டிக்கவில்லை.

போன மாதம் ஃபேரர் பார்க் சாப்பாட்டுக் கடையில் நானும் சவரிராஜும் இருந்தபோது பின்னால் ஒரு குரல்: "அண்ணே! நல்லா இருக்கீங்களா?" மைமூன். இப்போது ஒரு வங்கியில் வேலையாம்.

"மைமூன், அன்னிக்கு அந்த டிஸ்க்க நான்..." என்று தொடங்கினார்.

"அட விடுங்கண்ணே, எப்பவோ நடந்தது" என்று சிரித்தாள்.

சவரிராஜ் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்கார்ந்தாள். நான் அவருக்காக அடுத்த மேசையிலிருந்து இன்னொன்றை இழுத்துப் போட்டேன். அதில் அவர் உட்காரவில்லை; அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.