முன் வீலும் முறிந்த பிரஷ்களும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் இன்னொரு பிரஷ் செத்துப்போனது. கார் வீல் கழுவுவதற்கென்றே விற்கிறார்களே, நீளமான கைப்பிடியும் முனையில் உருண்டையாக முடியும் வைத்து, அந்த வகை. என் வீட்டுக்காரர் போனில் பார்த்து வரவழைத்தது. படத்தில் பார்த்தபோது யானையையே தேய்த்துக் குளிப்பாட்டலாம் போலிருந்தது. சோப்புத் தண்ணீரில் நாலு முக்கு முக்குவதற்குள் முடி கொத்துக் கொத்தாகக் கழன்று, நான் போட்ட கோலத்தின் மேல் ஒட்டிக்கொண்டது. மிச்சமிருந்ததை வைத்து அவர் ஓர் அழுத்து அழுத்தியதும் கழுத்து முறிந்து, தலை மட்டும் ரிம் ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டது.

அதை மல்லுக்கட்டி வெளியே எடுத்துவிட்டு, கம்பெனிக்காரனைத் திட்டி எழுதப் போனும் கையுமாக உட்கார்ந்தார். ஒரு நட்சத்திரம்கூடத் தரமாட்டேன் என்றார். ஒன்றாவது தந்தால்தான் எழுதவே விடும் என்றாள் மகள். அதற்கும் சேர்த்துத் திட்டினார்.

எனக்கும் எரிச்சல்தான். கோலத்தில் கிடக்கிற முடியைப் பொறுக்குகிறவள் நான்தானே. ஆனால் குனிந்து பொறுக்கும்போது, "இந்தப் பிரஷ்ஷச் செஞ்சவன் நல்லா இருப்பானா?" என்று என்னை அறியாமல் வாயில் வந்தது. அது என் வசவு இல்லை. என் அம்மாவுடையது.

அப்போது நான் மூன்றாவதோ நாலாவதோ படித்துக்கொண்டிருந்தேன். தொண்டாமுத்தூரைத் தாண்டி, மலையைப் பார்த்த வீடு எங்களுடையது. அப்பா தேங்காய் வியாபாரி. தோப்புத் தோப்பாகப் போய்க் காய் பேசி எடுப்பார். அந்த வருஷம் அம்மா மாசமாக இருந்தாள். எனக்குப் பிறகு இரண்டு முறை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. இதுவாவது தங்கவேண்டுமே என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு நினைப்பு யாருக்கும் இல்லை. ஆர்.எஸ்.புரத்தில் அம்மாவைப் பார்த்த டாக்டரம்மா, ஸ்கூட்டர் குலுக்கல் ஆகவே ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் எங்கள் வீட்டுக்குக் கார் வந்தது. யாரோ ஓட்டிச் சலித்த பழைய வெள்ளைக் கார். கதவைச் சாத்த இரண்டு ஆள் வேண்டும். ஆனாலும் அதற்கு மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடம் காட்டித்தான் அம்மாவை ஏற்றினோம்.

துணைக்கென்று அப்பாவின் அக்கா வந்து எங்களோடு தங்கியிருந்தார். அத்தை வந்ததும் சட்டங்கள் வந்துவிட்டன. அம்மாவுக்குக் கொஞ்சம்தான், முக்கால்வாசி அப்பாவுக்கு. பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் சவரம் செய்யக் கூடாது, முடி வெட்டக் கூடாது, மலை ஏறக் கூடாது, இழவு வீட்டில் பிணம் தூக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, எந்த உயிரையும் கொல்லக் கூடாது. அப்பா இதில் எதையும் மீறுகிற ஆளில்லை. கொசு கடித்தால்கூட ஊதித்தான் விடுவார். சமையலறையில் கரப்பான் வந்தால் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் மூடிப் பிடித்துக் கொண்டுபோய்த் தோட்டத்தில் விட்டுவிட்டு வருவார். அது அவருக்கு முன்னால் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நாள் பொழுதிறங்கும் நேரத்தில் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் அப்பா முருகன் பாட்டை முனகிக்கொண்டே ஓட்டினார். பின்சீட்டில் அம்மா ஜன்னல் பக்கம் தலைசாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். நான் அவள் மடியில் கால் போடக் கூடாது என்று சீட்டின் மறு ஓரத்தில் ஒடுங்கியிருந்தேன். எங்கள் ஊர் எல்லைக்கு வரும்போது முன்பக்கம் லேசாக ஏதோ ஏறி இறங்கியது. அப்பா வண்டியை நிறுத்தினார். இறங்கி முன் வீலுக்குப் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்தார். எழுந்து நின்றார். மறுபடி குத்தவைத்தார். எனக்குப் பசி.

"என்னங்கப்பா?" என்று கத்தினேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. தென்னமட்டெ கெடந்துது" என்றபடி வந்து உட்கார்ந்தார். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. வீடு வருகிறவரை அப்பா நடக்கிற ஆளைவிட மெதுவாக ஓட்டினார். முருகன் பாட்டு நின்றுபோயிருந்தது.

மறுநாள் காலையில் பிரஷ் சனி ஆரம்பித்தது.

முதலில் போனது அம்மா பாட்டில் கழுவ வைத்திருந்த பிரஷ். அடுத்தது துணி பிரஷ். அப்பா காரின் முன் இடது வீலுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, வீல் கப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ரிம்மின் ஓட்டைக்குள் ஓட்டைக்குள்ளாக விட்டுத் தேய்ப்பார். காலையில் ஒரு தடவை, தோப்பிலிருந்து வந்ததும் ஒரு தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தேய்க்கிற தேய்ப்பில் எந்தப் பிரஷ்தான் நிற்கும்? முடி உதிர்ந்து, கம்பி வளைந்து, துருவேறிச் சாக்கடையோரம் கிடக்கும். பிறகு டவுனில் வீலுக்கென்றே பிரஷ் விற்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அதை வாங்கி வந்தார். அதுவும் ஒரு வாரத்தில் கழுத்து முறிந்தது. இன்னொன்று வாங்கினார். அதுவும் முறிந்தது. கருப்பு, சிவப்பு, பச்சை என்று எங்கள் வாசலில் பிரஷ் முடி உதிராத நாளில்லை. காயப்போட்ட பாவாடையில் முடி. வடகத்தில் முடி. ஒரு நாள் என் தயிர்சாதத்தில்கூட ஒரு பச்சை முடி வந்து, வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் அதைப் புழு என்று சொல்லி, அன்றைக்கு யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

அத்தைக்கு ஆறவில்லை. "தேங்கா நாருலயே பொரண்டு எந்திரிக்கற ஊட்டுல, ஒரு பிளாஸ்டிக் பிரஷ்ஷுக்கு அழுவறதப் பாரு. ஏந்தம்பி, ஒரு கைப்பிடி நார எடுத்துத் தேச்சா ஆவாதா?"

"நாரு ஓட்டைக்குள்ள போவாதுங்கக்கா."

"அப்பறம் பனியன் வேஸ்ட்டுத் துணியில தொடச்சுட்டுப் போ. அப்படியென்ன பவுனா ஒட்டியிருக்குது அதுல? மத்த மூணு வீலும் சேறாக் கெடக்குது. இது ஒண்ணு மட்டும் மஞ்சக் குளிச்ச கொமரியாட்ட நிக்குது. பாக்கறவிக சிரிக்க மாட்டாங்களா?"

அப்பா அடுத்த ஓட்டைக்குள் பிரஷ்ஷை விட்டுத் தேய்ப்பார். அம்மாதான் குறுக்கே விழுவாள். சாதாரணமாக வாய் திறக்காதவள், பிரஷ் விஷயத்தில் மட்டும் தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். "அவரு என்ன பண்ணுவாருங்க? பிரஷ்ஷச் செஞ்சவன் நல்லா இருப்பானா? ஒரு வீலுக்குத் தாங்காத பிரஷ்ஷ விக்கறானே, அவன் கை வெளங்குமா?" இவ்வளவையும் கத்திவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி மெல்ல எழுந்து போய், சமையலறையில் புதிதாக வாங்கி வைத்திருந்த பாட்டில் பிரஷ்ஷைக் கொண்டுவந்து குழாயடியில் அப்பா கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். இது என்ன நியாயம் என்று எனக்கு எரிச்சலாக வரும். அந்தப் பிரஷ்ஷையும் அவர் முறித்துத்தானே போடப்போகிறார்?

கடைசியில் ஒரு சனிக்கிழமை, முறிந்த பிரஷ்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, டவுனில் கார் சாமான் விற்கிற கடைக்கு அப்பா நியாயம் கேட்கப் போனார். கடைக்காரர் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். அப்பாவின் தாடியையும் பார்த்தார்.

"மாலை போட்டிருக்கீங்களாங்ணா?"

"அதெல்லாம் இல்லீங்க. ஏனுங்க, இது என்னங்க பிரஷ்? ஒரு வாரங்கூட வரலீங்களே."

"ஏனுங்ணா, எத்தன காருங்க உங்களுக்கு?"

"ஒண்ணுதானுங்க."

"ஒரு காருக்கா இத்தன பிரஷ்ஷு?" கடைக்காரர் உள்ளே திரும்பி, "இங்க வந்து பாருப்பா இந்தக் கூத்த" என்றார். பிறகு முறிந்த கழுத்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "டாக்சிக்காரங்க இதே பிரஷ்ஷ வாங்கிட்டுப் போயி வருசம் ஓட்டறாங்க. நீங்க வீலக் கழுவறீங்களா, வீல அறுக்கறீங்களாங்ணா? சாணை புடிக்கற கல்லு வேணும்னாத் தரட்டுங்களா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "பொருள் கெட்டதுன்னா ஒத்துக்கோணும். கஸ்டமர நக்கல் பண்ணாதீங்க" என்று அப்பாவின் குரல் ஏறியது. என் அப்பா ஒருவரிடம் குரல் உயர்த்தி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். உயர்ந்த குரல் பாதியிலேயே உடைந்தது. பிறகு அதே பிரஷ்ஷில் இன்னொன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. திட்டிவிட்டு அதையே வாங்குவார்களா?

திரும்பும் வழியில் ஒரு வேப்பமரத்தடிப் புற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மஞ்சள் பூசிய நாகர் சிலை ஒன்று அங்கே உண்டு. கடையில் வாங்கிய பால் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துப் புற்றில் ஊற்றினார். மண்ணில் விழுந்து கும்பிட்டார். "தெரியாம நடந்துபோச்சு தாயே. எதுவா இருந்தாலும் எம்மேல வெச்சுக்க. அவளையும் வயித்துல இருக்கறதையும் உட்டுரு" என்று அவர் முனகியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கடைக்காரரிடம் சத்தம் போட்டதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன். அதற்கு இவ்வளவு அழவேண்டுமா என்றும் நினைத்தேன்.

"ஊட்டுல சொல்லாத கண்ணு" என்றார். சொல்லவில்லை.

ஆனால் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தப் பிரஷ்தான் என் அப்பாவைக் கடையில் தலைகுனிய வைக்கிறது, அம்மாவைக் கத்த வைக்கிறது, என் சோற்றில் முடி போடுகிறது. பெரியவர்கள் எல்லோரும் குழந்தைக்காக ஏற்கெனவே வேண்டிக்கொண்டுவிட்டார்கள். அத்தை மாரியம்மனுக்கு மாவிளக்கு, அம்மா பழனிக்கு முடி காணிக்கை. பிரஷ்ஷுக்கு வேண்ட ஆளில்லை. தெருக்கோடிப் பிள்ளையாரிடம் போய் மூன்று சுற்றுச் சுற்றி, தோப்புக்கரணம் போட்டு, "பிள்ளையாரப்பா, அப்பாவோட பிரஷ் முறியாம இருக்கோணும். உனக்குத் தேங்கா உடைக்கறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

அந்த வேண்டுதலை எங்கும் எழுதி வைக்காமலே பிள்ளையார் ஞாபகம் வைத்துக்கொண்டார். தம்பி நல்லபடியாகப் பிறந்தான். அழுத அழுகையில் ஆஸ்பத்திரி வராந்தாவே அதிர்ந்தது. அப்பா அன்றைக்கே தாடியை எடுத்துவிட்டு, அடையாளம் தெரியாத ஆளாக வந்து நின்றார். அதற்குப் பிறகு அவர் வாங்கிய பிரஷ், அதே கடை, அதே கம்பெனி, அதே பச்சை முடி, முறியவே இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை நாலு வீலையும் பொதுவாக நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டு ஆணியில் மாட்டுவார். நான் பெரியவளாகிக் கல்யாணமாகிப் போகும்போதும் அது அங்கேதான் தொங்கியது. கம்பெனிக்காரன் திருந்திவிட்டான் என்று பல வருஷம் நம்பியிருந்தேன்.

அன்றைக்கு ரோட்டில் கிடந்தது மட்டை இல்லை, நல்லபாம்பு என்று அம்மா எனக்குச் சொன்னது, நான் என் மகளைச் சுமந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தபோதுதான். விடிவதற்கு முன்னால் அப்பா தனியாகப் போய், அதை மஞ்சள் துணியில் சுற்றிப் புதைத்துப் பால் ஊற்றிவிட்டு வந்தாராம். கொசுவைக்கூட அடிக்காமல் காத்த மனுஷன், குழந்தைக்காகவே வாங்கிய காரில் ஓர் உயிரை, அதிலும் நாகத்தை, ஏற்றிக் கொன்றுவிட்டார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நா எங்க தூங்குனேன்? ஜன்னல் கண்ணாடி வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன். விடியறதுக்கு முன்னால மஞ்சத் துணியும் பாலும் எடுத்துட்டுப் போனதையும் பாத்தேன். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா மனுசன் ஒடைஞ்சு போயிருவாரு. அதான் பிரஷ்ஷப் புடிச்சு வைஞ்சுட்டிருந்தேன்" என்றாள் அம்மா.

அந்தச் சின்ன வயதில் இது ஒன்றும் தெரியாமல்தான், தம்பிக்குத் தீட்டுக் கழித்து முதல்முதலாகக் கோயிலுக்குத் தூக்கிப் போனபோது, அப்பாவின் குவியலில் காதருகே ஆட்டிப் பார்த்து நல்ல காயாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு நானும் போனேன். பிள்ளையார் முன்னால் ஓங்கி உடைத்தேன். சரிபாதியாக உடைந்தது.

"பாரேன், தம்பி நல்லாப் பொறக்கோணும்னு இதும் வேண்டியிருக்குது" என்று அத்தை உருகினார்.

"இல்லீங்கத்தை. அப்பாவோட பிரஷ் முறியாம இருக்கோணும்னுங்க."

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "அட கெரகமே! பொறக்கற தம்பிய உட்டுப்போட்டு, போயும் போயும் பிரஷ்ஷுக்கு வேண்டியிருக்கிறயே அம்மிணி!" பூசாரி சிரித்தார். கும்பிட வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் அம்மாவும் சிரிக்கவில்லை. அப்பா என் கையிலிருந்த தேங்காய் மூடியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிள்ளையார் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அம்மா தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

தம்பியை மறந்துவிட்டேன் என்று இருவருக்கும் என்மேல் கோபம்போல என்று நினைத்தேன். எனக்கும் கோபம் வந்தது. பிரஷ் முறியாமல் வீட்டில் ஆணியில் தொங்குகிறதா இல்லையா? பிள்ளையார் கண்ணெதிரே நடத்திக் காட்டியதை இந்த வீட்டில் யாருமே கண்டுகொள்ள மாட்டேன் என்கிறார்களே என்று, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் தனியாக நடந்து வீட்டுக்கு வந்தேன்.