படிவத்தில் மூன்று கட்டங்கள்

நான் இரவு வேலைக்காரி. முதியோர் இல்லத்தில் விடியும்வரை நின்றுவிட்டு, சிட்னி முழுவதும் வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பேன். பகல் தூக்கத்துக் கனவில் வெளிச்சம் அதிகம். லிட்கம் ஸ்டேஷன் ரயில் சத்தம் அதற்குள் வரும், பக்கத்து வீட்டு நாய் வரும், பிறகு என் கணவர் வருவார். கட்டிலோரக் கதிரையில் உட்கார்ந்து சைக்கிள் பூட்டின் திறப்பை விரல்களுக்குள் உருட்டுவார். பேசவே மாட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். மன்னாரிலிருந்து இவ்வளவு தூரம் வந்த மனிதர் ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்தா போய்விடும்?

பதினேழு வருடத்துக்கு முன், இலங்கை யுத்தத்துக்குள், "அரிசி வாங்கிப்போட்டு வாறன்" என்று சைக்கிளில் போனவர். உடலும் வரவில்லை, சேதியும் வரவில்லை.

இங்கே என்னை விரும்பிக் கேட்டவர், கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். மனைவியை நோயில் பறிகொடுத்தவர். பூசை முடிந்து தேத்தண்ணீர் ஊற்றும் இடத்தில்தான் பழக்கம். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

திருமணப் பதிவுக்கார வெள்ளைக்கார அம்மாவிடம் இருவரும் போனோம். சட்டம் கேட்பது கொஞ்சம்தான். ஒரு மாதம் முன்னதாகப் படிவம், பாஸ்போர்ட், பதினெட்டு வயதான இரண்டு சாட்சிகள், இருவருக்கும் முழுச் சம்மதம். பிறகு அந்த அம்மா படிவத்தைத் திருப்பி விரலை வைத்தார். மணமாகாதவர், விதவை, விவாகரத்தானவர். மூன்றே கட்டம். பாடகர் தன் மனைவியின் மரணச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். நான் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.

மன்னாரிலிருக்கும் அக்காவுக்கு வாட்ஸ்அப் எடுத்தேன்.

"இதென்ன பெரிய வேலை? காணாமப் போனவைக்கு இஞ்சை மரணச் சான்றிதழ் குடுக்கினம். நான் எடுத்து அனுப்புறன். கோயிலிலையே கட்டலாம்."

"அப்ப அவர் செத்திட்டார் எண்டு நான் கையெழுத்து வைக்கோணும்."

"பின்னை?"

"நான் டிவோர்ஸ் எடுக்கப் போறன் அக்கா."

"எடியே, உனக்கென்ன விசரே? விதவை எண்டால் மரியாதை. டிவோர்ஸ் எண்டால் சாமியார் கலியாணம் கட்டி வைப்பாரே? ஊர் என்ன சொல்லும்?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது. அது எனக்கும் தெரியும். ஆனால் போனை வைத்தபின் குசினி அடுப்படியில் நின்று அழுதேன். விவாகரத்து எடுத்தால் கோயிலில் கல்யாணம் இல்லை. பாடகர் குழுவே நின்று பாட, பீடத்தின் முன் கட்ட வேண்டுமென்பது அவருடைய ஆசை. அதை நான் எப்படிப் பறிப்பது?

அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் அவர் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. சரி, இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வந்தார்.

"பார்க்கிலை கட்டுவம். நிழல் உள்ள இடமாப் பாரும். எனக்குத் தலையிலை ஒரு மயிரும் இல்லை."

கோர்ட்டுக்குப் பன்னிரண்டு மாதம் பிரிந்திருந்தால் போதுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மனுவை எதிராளியின் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால், தேடிய இடங்களையெல்லாம் எழுதிச் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். எழுதினேன். முகாம்கள், ஆஸ்பத்திரிகள், சிறை வாசல், சாத்திரக்காரர் வீடு. தேடத் தேட என் கால் செருப்பு எத்தனை தேய்ந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. கோர்ட் ஏற்றுக்கொண்டது.

ஜக்கரண்டா மரங்கள் பூத்த நேரத்தில் பார்க்கில் கட்டினோம். அந்த அம்மா படிவத்தில் விவாகரத்தானவர் என்பதைச் சரிபார்த்துவிட்டு, சட்டம் சொல்லச் சொல்கிற வசனத்தை வாசித்தார். மாப்பிள்ளையின் மொட்டைத் தலையில் ஊதாப்பூ ஒன்று விழுந்து கிடந்தது. நான் தட்டிவிடவில்லை. அக்கா வீடியோவில்கூட வரவில்லை. பாடகர் குழுவில் நாலு பேர் வந்து மரத்தடியில் பாடினார்கள். அவரும் சேர்ந்து பாடினார்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து படுத்தேன். குசினியில் புது மனிதர் தேத்தண்ணீர் கலக்கும் சத்தம் கேட்டது. ரயில் வந்தது, நாய் வந்தது, கதிரையில் பழையவரும் வந்து இருந்தார்.

"கோவிக்காதேங்கோ," என்றேன். "உங்களைச் செத்ததெண்டு நான் ஒரு இடத்திலையும் எழுதிக் குடுக்கேல்லை. எங்கையாவது உயிரோடை இருந்தால், நீங்களும் இனி ஆரையாவது கட்டுங்கோ. என்ரை பக்கத்தாலை தடையில்லை."

அவர் திறப்பை உருட்டுவதை நிறுத்தினார்.